தண்டிப்பவரா, குணமாக்குபவரா? தமிழகக் கிறிஸ்தவத்தில் கடவுளின் இயல்பும் நோய் தீர்த்தலும்

நோயைக் கடவுள் அனுப்புகிறாரா, தீர்க்கிறாரா, அல்லது இரண்டையும் அவரே செய்கிறாரா என்ற கேள்வி கிறிஸ்தவத்தோடு தமிழ் நிலத்துக்கு வந்ததன்று. காஞ்சிபுரத்தில் சுரம் தீர்க்கும் இறைவனுக்கென்றே சுரகரேசுவரர் கோயில் இருக்கிறது. திருவொற்றியூரில் தம் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் பார்வை இழந்த சுந்தரர், ஒரு கண்ணைக் காஞ்சி ஏகம்பத்திலும் மறு கண்ணைத் திருவாரூரிலும் திரும்பப் பெற்றார் என்கிறது பெரியபுராணம். பறித்தவரும் கொடுத்தவரும் ஒருவரே. அம்மை கண்ட வீட்டில் அதை மாரியம்மனின் வருகையாகவே கொண்டார்கள். கோபமும் கருணையும் ஒரே தெய்வத்திடம் இருக்கக் கண்டு பழகிய மக்களிடம்தான் மிஷனரிகள் பேச வந்தார்கள்.

அவர்கள் கையிலிருந்த வேதாகமமும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. யாத்திராகமம் 15ஆம் அதிகாரம் கடவுளைக் குணமாக்குபவர் என்கிறது. மிரியாம், கேயாசி, உசியா ஆகியோர் கதைகளிலோ தொழுநோய் நேரடித் தண்டனையாக வருகிறது. நீதிமானும் நோயுறலாம் என்பது யோபுவின் கதை. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவனும் அல்ல, பெற்றோரும் அல்ல என்று இயேசு மறுத்ததை யோவான் 9ஆம் அதிகாரம் பதிவுசெய்கிறது. இவற்றில் எதை முன்னிறுத்துவது என்பதில்தான் காலந்தோறும் மாற்றம் நிகழ்ந்தது.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தமிழர் தெய்வங்களைப் பற்றி 1713இல் எழுதி முடித்த நூலில் மாரியம்மன் உள்ளிட்ட ஊர்த் தெய்வங்களையும் விவரித்தார். அவரை உருவாக்கிய ஜெர்மனியின் ஹாலே வட்டாரத்து லுத்தரன் பக்தி இயக்கம், துன்பத்தைத் தகப்பன் பிள்ளையைத் திருத்தும் சிட்சையாகக் கண்டது. அதே இயக்கம் ஹாலேயில் நடத்திய அநாதை இல்லம் மருந்து தயாரித்து விற்றும் வந்தது. தரங்கம்பாடிக்கு மருத்துவர்களையும் அனுப்பியது. 1730இல் வந்த ஷ்லேகல்மில்ச் விரைவில் இறந்துவிட, 1732இல் வந்த க்னோல் நெடுங்காலம் பணியாற்றினார். சிட்சை என்று பணிந்துகொண்டே மருந்தும் கொடுப்பதில் அவர்கள் முரண் எதையும் காணவில்லை. கத்தோலிக்கர் நடுவில் கேள்வி வேறு வழியில் தணிந்தது. வேளாங்கண்ணியில் ஆரோக்கிய மாதா தாயாக நின்று பரிந்து பேசுகிறாள். கடவுள் கோபக்காரரா என்று அங்கே யாரும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவமே தனி ஊழியமாக வளர்ந்தது. ஜான் ஸ்கடர் 1819இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். 1838இல் நெய்யூரில் ஆர்ச்சிபால்ட் ராம்சே மருத்துவப் பணி தொடங்கினார். 1847இல் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பிக்கும் அளவுக்குப் போனார். ஸ்காட்லாந்து மிஷன் 1839இல் காஞ்சிபுரத்தில் ஆரம்பித்த ஆண்டர்சன் பள்ளியை அடுத்து, அம்மிஷனின் மருத்துவப் பணியும் அப்பகுதியில் வேரூன்றியது. தொடக்கத்தில் மருந்து பிரசங்கத்துக்குக் கதவு திறக்கும் கருவியாகவே கருதப்பட்டது. நாளடைவில், குணமாக்குவதே கடவுளின் செயல், அதற்கு வேறு நியாயம் வேண்டாம் என்ற எண்ணம் வலுத்தது. 1900இல் வேலூரில் பணி தொடங்கிய ஐடா ஸ்கடர் உருவாக்கிய மருத்துவக் கல்லூரி, ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்யவே வந்ததாக இயேசு கூறியதைத் தன் குறிக்கோளாக ஏற்றது. தண்டிக்கும் நீதிபதியின் இடத்தில் பணிவிடை செய்யும் கடவுள் வந்து நின்றார்.

இந்த மாற்றம் கடுமையாகச் சோதிக்கப்பட்டது தொழுநோயில்தான். உசியாவின் கதையைக் கேட்டு வளர்ந்த சபையாருக்கும், அந்நோயை முன்வினை என்று கருதிய அயலாருக்கும் இதில் வேறுபாடு அதிகமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில், செங்கல்பட்டை அடுத்த திருமணியில், லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை ஸ்காட்லாந்து சபையாரின் பொறுப்பில் 1920களில் உருவானது. ராபர்ட் காக்ரேன் அங்கே 1940களில் டாப்சோன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய்க்கிருமி கட்டுக்குள் வந்தது. ஆனால் மடங்கிப்போன விரல்கள் அப்படியே இருந்தன.

1947இல் வேலூரின் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அங்கு வந்தார். கொக்கிபோல் வளைந்த ஒரு கையைப் பற்றித் தன் கையை இறுக்கச் சொன்னபோது, நோயாளியின் பிடி வலிக்கும்படி இருந்தது. அப்படியானால் முன்கைத் தசைகள் சாகவில்லை. முழங்கை அருகே நரம்பு கெட்டதால் உள்ளங்கையின் சிறு தசைகளே செயலிழந்திருந்தன. நலமான ஒரு தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தினால் விரல் மீண்டும் நீளும். 1948இல் தொடங்கிய அந்த அறுவை சிகிச்சை, விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்பதையும் தெளிவாக்கியது. உணர்ச்சியற்ற கை சூட்டையும் வெட்டையும் அறியாததால்தான் தேய்ந்தது. அறுந்த இழையை விரல் நுனியால் உணர்ந்து முடிபோடும் காஞ்சிபுரம் போன்ற பட்டுத்தறி ஊரில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இங்கிருந்து பிராண்ட் வந்தடைந்த இறையியல் முடிவு எதிர்பாராதது. வலி கடவுளின் கோபம் அல்ல, உடலைக் காக்க அவர் கொடுத்த கொடை என்றார் அவர். 1993இல் எழுத்தாளர் பிலிப் யான்சியுடன் சேர்ந்து அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். கொல்லிமலையில் ஊழியம் செய்த அவருடைய தந்தை 1929இல் கருநீர்க் காய்ச்சலில் இறந்தவர் என்பதை நினைத்தால், துன்பத்தைத் தூர நின்று பார்த்தவரின் வாதமாக இதை ஒதுக்க முடியாது. ஆயினும் எல்லா வலிக்கும் இவ்விளக்கம் பொருந்தாது. புற்றுநோயின் கடைசிக் கட்ட வலி யாரையும் காப்பதில்லை.

இன்னொரு திசையில் பெந்தெகொஸ்தே சபைகள் போயின. 1920களில் இலங்கையில் உருவாகி, பின்னர் தாம்பரம் அருகே இரும்புலியூரில் தலைமையகம் அமைத்த பெந்தெகொஸ்தே மிஷனின் ஊழியர்கள் மருந்தே உட்கொள்வதில்லை. ஏசாயா 53ஆம் அதிகாரத்தை ஆதாரமாகக் கொண்டு, பாவமன்னிப்பைப் போலவே உடல்நலமும் சிலுவையில் பெறப்பட்டது என்பது இவர்களின் போதனை. யாக்கோபு 5ஆம் அதிகாரத்தின்படி எண்ணெய் பூசி ஜெபிப்பது வழக்கம். நற்செய்தியாளர் டி.ஜி.எஸ். தினகரனின் கூட்டங்கள் சுகமளிக்கும் ஜெபத்தைச் சபை எல்லைகளைத் தாண்டிப் பரப்பின. ஆஸ்பத்திரிக்கு எதிரணி போலத் தோன்றினாலும், நோய் கடவுளின் விருப்பம் அல்ல என்ற அடிப்படையில் இவ்வியக்கமும் வேலூரும் ஒன்றே. வேறுபாடு நோய் தீராதபோது வெளிப்படுகிறது. மருத்துவர் தம் அறிவின் எல்லையைச் சொல்லி நிறுத்திக்கொள்வார். ஜெபக் கூட்டத்திலோ பழி நோயாளியின் விசுவாசக் குறைவின்மீது விழுகிறது. பழைய தண்டனைக் கோட்பாடு பின்வாசல் வழியே திரும்புவது இங்கேதான்.

மருத்துவமும் ஜெபமும் இப்படிப் பிரிந்து நின்ற நிலையில், 1964இல் ஜெர்மனியின் டூபிங்கனில் கூடிய சபையினரும் மருத்துவரும், குணமாக்குதல் முழுச் சபையின் பொறுப்பு என்ற முடிவுக்கு வந்தனர். வேலூரில் படித்த ராஜ் ஆரோலே, மேபெல் ஆரோலே தம்பதியர் 1970இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட்டில் கிராமப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கினர். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியாபிலஸ் அப்பாவு, ஒரே உலையில் சமைத்து எல்லோரும் பகிர்ந்துண்பதைத் தம் இறையியலின் மையமாக வைத்தார். அவரிடம் கடவுள் பெற்றோர், பசியும் தீண்டாமையும் குணமாக்கப்பட வேண்டிய நோய்கள். குணமாக்கும் பொறுப்பு சபையோடு நின்றுவிடவும் இல்லை: திருமணி மருத்துவமனையை முன்னரே 1955இல் மத்திய அரசு ஏற்று, தொழுநோய்க்கான போதனை, ஆராய்ச்சி நிலையமாக மாற்றியது.