டெக்சாஸ் கல்வி வாரியத் தலைவர் நாற்காலி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பள்ளிப் பாடத்திட்டத்தை முடிவு செய்வது 15 பேர் கொண்ட கல்வி வாரியம். எல்லோரும் மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர்கள். (1984-ல் இதை நியமன வாரியமாக மாற்றிப் பார்த்தார்கள். தேர்தல்தான் வேண்டும் என்று 1987-ல் மக்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்!) ஆனால் தலைவரை மட்டும் அந்த 15 பேரிலிருந்து ஆளுநர் நியமிப்பார். செனட் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு ஒப்புதல் தரவேண்டும்.

இங்கேதான் சூட்சுமம். சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும்தான். அது முடிந்த கையோடு ஒருவரை நியமித்தால்? செனட்டுக்குப் பதில் சொல்லாமலே கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு ஓட்டிவிடலாம்.

ஆளுநர் ரிக் பெர்ரி 2007 ஜூலையில் டான் மெக்லிராய் என்ற பல் மருத்துவரைத் தலைவராக்கினார். பரிணாமக் கொள்கையை ஏற்காதவர். 2009 மார்ச்சில் புதிய அறிவியல் பாடத்திட்டம் இவர் தலைமையில்தான் நிறைவேறியது. செனட்டில் ஓட்டெடுப்பு நடந்ததோ மே மாதம். ஆதரவு 19, எதிர்ப்பு 11. மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை, தலைவர் பதவி போனது. பாடத்திட்டம் போகவில்லை!

உறுப்பினர் பதவியும் போகவில்லை. அது மக்கள் கொடுத்தது, செனட் தொட முடியாது. 2010 மார்ச்சில் கட்சியின் உட்தேர்தலில் தாமஸ் ராட்லிஃப்பிடம் தோற்றார். ஆனாலும் பதவிக்காலம் பாக்கி இருந்ததால், அந்த மே மாதம் சமூக அறிவியல் பாடத்திட்டத்துக்கும் ஓட்டுப் போட்டார்.

பெர்ரி விடவில்லை. 2009 ஜூலையில் கெயில் லோ. 2011-ல் அவருக்கும் செனட் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2011 ஜூலையில் பார்பரா கார்கில். அவர் 2013-ல் ஒப்புதல் வாங்கிவிட்டார்.