நாலு ராத்திரியில் எழும்பிய சுவர்

கூட விளையாட ஆள் வராத மத்தியானத்தில் பிள்ளைகள் செய்வது ஒன்றுதான்: வீட்டுச் சுவரில் பந்தை அடித்துத் தானே திருப்பி அடிப்பது. கலிபோர்னியாவின் அட்டாரி வீடியோ விளையாட்டு நிறுவனத்துக்கு 1975இல் தேவைப்பட்டதும் அந்தச் சுவர்தான். ஆல் ஆல்கார்ன் வடிவமைத்து 1972இல் வந்த 'பாங்' விளையாட்டில் காசு கொட்டியது, உண்மை. ஆனால் அதற்கு எதிரே நின்று மட்டை பிடிக்க இன்னொருவர் வேண்டும். தனியாளாக வருகிறவனிடம் எப்படிக் காசு வாங்குவது? நிறுவனர் நோலன் புஷ்னெலும் பொறியாளர் ஸ்டீவ் பிரிஸ்டோவும் எதிராளியை எடுத்துவிட்டு அங்கே ஒரு செங்கல் சுவரை வைத்தார்கள். பந்து பட்ட கல் மறைந்துவிடும். 'பிரேக்அவுட்' என்று பெயர்.

ஆட்டம் பார்க்க எளிது. திரையின் மேல்பகுதியில் 8 வரிசை, வரிசைக்கு 14 கல். கீழே ஒரு மட்டை. குமிழைத் திருகினால் இடமும் வலமும் ஓடும். கீழிருந்து இரண்டிரண்டு வரிசையாக மஞ்சளுக்கு 1 புள்ளி, பச்சைக்கு 3, ஆரஞ்சுக்கு 5, சிவப்புக்கு 7. நான்காவது அடியில் பந்து வேகமெடுக்கும், பன்னிரண்டாவதில் இன்னும் வேகம், ஆரஞ்சையும் சிவப்பையும் தொட்டால் அதற்கும் மேலே. சிவப்பைத் துளைத்துப் பந்து உச்சியில் மோதியதோ, மட்டை பாதியாகச் சுருங்கிவிடும். கை தேர்ந்தவர்கள் ஓரமாக ஒரு சந்து குடைந்து பந்தை மேலே அனுப்பிவிடுவார்கள். சுவருக்கும் கூரைக்கும் நடுவே அது தானாகவே முட்டி முட்டிக் கல்லைத் தின்னும். நாம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கலாம். இந்த விளையாட்டின் முழு இன்பமும் அந்தச் சில நொடிகளில்தான் என்பேன். ஒரு சுவருக்கு 448 புள்ளி. இரண்டாவது சுவரையும் இடித்தால் 896. மூன்றாவது சுவர் கிடையாது. வெறுந்திரையில் பந்து மட்டும் அலையும்.

இத்தனையையும் செய்த பெட்டிக்குள் ஒரு வரி நிரல்கூட இல்லை. நுண்செயலியும் இல்லை. பந்துக்கு ஒரு மின்சுற்று, கல்லுக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என எல்லாமே சில்லுகளைக் கம்பியால் இணைத்துச் செய்த வேலை. புதிய விளையாட்டுகள் 150 சில்லைத் தாண்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சில்லும் காசு. அதனால் 50க்குக் கீழே எத்தனை குறைக்கிறாயோ அத்தனைக்கும் ஊக்கத்தொகை என்றார் புஷ்னெல்.

வேலையை வாங்கிக்கொண்டவர் அங்கே ஊழியராக இருந்த ஸ்டீவ் ஜாப்ஸ். செய்தவர் அவர் அல்ல. பகலில் ஹியூலெட் பேக்கார்டில் கால்குலேட்டர் வடிவமைத்துக்கொண்டிருந்த நண்பர் ஸ்டீவ் வாஸ்னியாக், முன்பே 28 சில்லில் சொந்தமாக ஒரு 'பாங்' செய்து வைத்திருந்தவர். நாலு நாளில் முடிக்க வேண்டும் என்று ஜாப்ஸ் கெடு வைத்தார். அந்தக் கெடு அட்டாரி வைத்ததல்ல. ஆரிகனில் ஒரு பண்ணையின் ஆப்பிள் அறுவடைக்கு ஜாப்ஸ் போக வேண்டியிருந்தது என்று அவர் வரலாற்றை எழுதிய வால்டர் ஐசக்சன் சொல்கிறார். நாலு ராத்திரி தூக்கமில்லை. வாஸ்னியாக் வரைந்து கொடுக்க, ஜாப்ஸ் கம்பி சுற்றினார். அந்த இடைவேளையில் வாஸ்னியாக் அட்டாரியின் கார் பந்தய விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். முடிவில் ஏறக்குறைய 45 சில்லு.

கூலி 700 டாலர், ஆளுக்குப் பாதி என்று வாஸ்னியாக் கையில் 350 வந்தது. ஊக்கத்தொகை தனியாக 5,000 டாலர் வந்தது என்பது பிற்பாடுதான் அவர் காதுக்கு எட்டியது. ஜாப்ஸ் கடைசிவரை மறுத்தார். பணத்தைவிட நண்பன் சொல்லவில்லையே என்பதுதான் வாஸ்னியாக்கின் வருத்தம்.

வேடிக்கை இனிமேல்தான். அந்த அதிசயப் பலகை கடைக்கே வரவில்லை! அத்தனை நெருக்கமாகப் பின்னியிருந்ததால் அட்டாரி பொறியாளர்களால் அதை உற்பத்திக்குக் கொண்டுபோக முடியவில்லை. ஏறக்குறைய 100 சில்லில் தாங்களே வேறொன்று செய்து 1976இல் விற்றார்கள். கறுப்பு வெள்ளைத் திரைமேல் வண்ணக் கண்ணாடித்தாள் கீற்றுகளை ஒட்டியதுதான் அந்த நான்கு நிறங்களும்.

ஒட்டாமலே நிறம் கொண்டுவரும் யோசனை அட்டாரியில் கண்விழித்த அந்த ராத்திரிகளில் ஒன்றில்தான் தோன்றியது என்கிறார் வாஸ்னியாக். அவரும் ஜாப்ஸும் தொடங்கிய ஆப்பிள் நிறுவனத்திலிருந்து 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினியில் வண்ணம், ஒலி, குமிழ் செருகும் இடம் எல்லாம் இருந்ததற்குக் காரணம், பிரேக்அவுட்டை 'பேசிக்' நிரல்மொழியில் எழுதி ஆட வேண்டும் என்ற அவரது ஆசை. கம்பி சுற்றிச் செய்ததை அரை மணி நேரத்தில் தட்டச்சு செய்துவிட்டார். கல்லின் நிறத்தை மாற்ற ஓர் எண்ணைத் திருத்தினால் போதும்.

ஜப்பானில் சுவர் வேறு விதமாகக் குட்டி போட்டது. கற்கள் கீழிறங்கித் திருப்பிச் சுட்டால் எப்படியிருக்கும் என்பதுபோல டொமோஹிரோ நிஷிகாடோ 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காக 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்தார். பிரேக்அவுட்தான் தூண்டியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அமெரிக்காவிலோ பதிப்புரிமை அலுவலகம் பிரேக்அவுட் வெறும் எளிய வடிவங்கள் என்று பதிவை மறுக்க, வழக்கு நடந்தது. மறுபரிசீலனை செய்யுங்கள் என்று 1992இல் திருப்பியனுப்பிய தீர்ப்பை எழுதியவர், மறுவருடம் உச்ச நீதிமன்றத்துக்குப் போன ரூத் பேடர் கின்ஸ்பர்க்.

ஆப்பிளும் அந்தச் சுவரை மறக்கவில்லை. 2001இல் வந்த முதல் ஐபாட் யாரிடமாவது உயிரோடு இருந்தால், 'அபௌட்' பக்கத்தில் நடுப்பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். செங்கல் வரிசை வரும். மட்டை, உருளும் சக்கரத்தில் இருக்கிறது.