ஏழையின் உணவும் ஹைதராபாத்தின் ஆராய்ச்சியும்

ஹைதராபாத் நகரத்தில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள தார்நாகா என்னும் பகுதியில், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயருடன் விளங்கும் ஆராய்ச்சி ஸ்தாபனம் அந்த நகரத்திலே பிறந்ததன்று. 1918ஆம் ஆண்டில், நீலகிரி மலையின்மேல் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்தின் ஓர் ஒற்றை அறையில் தோன்றி, நாற்பது வருஷங்கள் அங்கேயே வளர்ந்து, 1958இல் தக்காணப் பீடபூமிக்கு வந்து சேர்ந்த ஸ்தாபனம் அது. நொதிகளையும் நுண்ணுயிர்களையும் துணைக்கொண்டு உணவை ஆராயும் சாஸ்திரம் என்றால், பாலாடைக்கட்டியும் ரொட்டியும் பழரசமும் உற்பத்தியாகும் பெரிய ஆலைகளே இன்று பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் தேசத்தில் அந்தச் சாஸ்திரத்தின் உயர்ந்த கிளையொன்று, வயிறு நிறையச் சோறு உண்டும் கால் மரத்து, இருதயம் வீங்கி மாண்டுபோன ஏழை ஜனங்களின் வியாதிக்குக் காரணம் தேடிய முயற்சியிலேதான் வேர்கொண்டது. அந்த வேர் எங்கே இறங்கியது, எப்படிப் படர்ந்தது என்பதை அறிந்துகொள்வது, உணவைப் பற்றிச் சிந்திக்கும் ஒவ்வொருவருக்கும் அவசியம் என்பது என் அபிப்பிராயம்.

குன்னூரில் அந்த வேலையைத் தொடங்கியவர் ராபர்ட் மெக்காரிசன் என்பவர். இந்திய மருத்துவ சேவையைச் சேர்ந்தவர். கில்கிட் பிரதேசத்து ஜனங்களிடையே கழலை நோயை ஆராய்ந்து ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தவர். 'பெரிபெரி விசாரணை' என்பதே அவருடைய ஆய்வுக்கு முதலில் வழங்கிய பெயர். சென்னை ராஜதானியின் வடபகுதியில், வடசர்க்கார் என்று சொல்லப்பட்ட ஆந்திரக் கடற்கரை ஜில்லாக்களில், பெரிபெரி என்னும் அந்த வியாதி நிலைகொண்டிருந்தது. அரிசியையே முக்கிய ஆகாரமாகக் கொண்ட தமிழ் ஜில்லாக்களிலோ அது அவ்வளவாகத் தலைகாட்டவில்லை. சர்க்காரின் சிக்கன நடவடிக்கையால் 1923இல் நின்றுபோன ஆய்வு, 1925இல் மீண்டும் உயிர்பெற்று, 1928இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடங்கள் என்ற பெயருடன், மெக்காரிசனையே முதல் டைரக்டராகக் கொண்டு, ஒரு முழுமையான ஸ்தாபனமாக நிமிர்ந்தது.

ஒரே தானியத்தை உண்ட இரண்டு பிரதேசங்களில் ஒன்றை மட்டும் நோய் பீடித்ததன் ரகசியம், நெல்லைப் பக்குவப்படுத்தும் முறையில் இருந்தது. தெற்கே பெரும்பாலான வீடுகளில் நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, பிறகே குத்தினார்கள். அப்படி ஊறும்போதும் வேகும்போதும், தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் என்ற வைட்டமின் நீரோடு கலந்து அரிசிமணியின் உட்பகுதிக்கு இறங்கிவிடுவதால், பின்னால் ஆலையில் தீட்டினாலும் அதில் பெரும்பங்கு புழுங்கலரிசியிலேயே தங்கிவிடுகிறது. ஆலையில் தீட்டிய பச்சரிசியிலோ, அந்தச் சத்து தவிட்டோடு தவிடாகப் போய்விடுகிறது. ஜாவாத் தீவில் எய்க்மான் என்ற டச்சு டாக்டர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் முடங்கி விழுவதைச் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கு முன்பே, 1890களில், கண்டு சொல்லியிருந்தார். அதே ஜாவாவில் யான்சன், டோனாத் என்ற இருவர் 1926இல் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1936இல் அதை ஆய்வுக்கூடத்திலேயே ரசாயன முறையில் சிருஷ்டித்துக் காட்டிய அமெரிக்கரான ராபர்ட் வில்லியம்ஸ், மிஷனரிப் பெற்றோருக்கு நம் நெல்லூரிலே பிறந்தவர்.

சத்து இன்னதென்று தெரிந்த பிறகும், அது சரீரத்தில் என்ன காரியம் செய்கிறது என்ற கேள்வி எஞ்சி நின்றது. அதற்கு விடை சொன்னது ஈஸ்ட் என்ற நுண்ணுயிர். பனையிலும் ஈச்சையிலும் இறக்கிய பதநீர், கள்ளாக மாறும்போது நுரைத்துப் பொங்குவதைத் தெலுங்கானாவின் எந்தக் கிராமத்திலும் காணலாம். சர்க்கரை சிதைந்து உண்டாகும் பைருவிக் அமிலத்திலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துத் தள்ளும் ஒரு நொதியே அந்தப் பொங்கலுக்குக் காரணம். அந்த நொதி தனியாக நின்று வேலை செய்ய இயலாமல் ஒரு துணைப்பொருளை நாடுகிறது. லோமான், ஷுஸ்டர் என்ற ஜெர்மானியர் 1937இல் ஈஸ்டிலிருந்து அந்தத் துணைப்பொருளைப் பிரித்தபோது, அது பாஸ்பேட்டோடு இணைந்த தயமினே என்று தெரியவந்தது. மனிதனுடைய நரம்பிலும் இருதயத் தசையிலும் அதே பைருவிக் அமிலத்தைக் கையாளும் நொதிக்கும் அதே துணை வேண்டும். அது கிடைக்காதபோது அமிலம் இரத்தத்தில் தேங்குகிறது, நரம்பு சோர்கிறது, இருதயம் தளர்கிறது. கள்ளுப் பானையில் நுரையெழுப்பும் சத்தும், கோதாவரிக் கரைக் கூலிக்காரனின் உயிரைத் தாங்கும் சத்தும் ஒன்றே என்ற இந்த உண்மையைக் காட்டிலும், நுண்ணுயிருக்கும் மனிதனுக்கும் உள்ள உறவை விளக்கும் உதாரணம் வேறொன்றைத் தேடவேண்டியதில்லை.

ஈஸ்ட் செய்த உபகாரம் இதோடு நிற்கவில்லை. கர்ப்பிணிப் பெண்களை வாட்டிய கொடிய சோகையை ஆராய 1928இல் இந்தியாவுக்கு வந்து, பம்பாயில் ஆலைத் தொழிலாளப் பெண்களிடையே வேலை செய்து, குன்னூரிலும் சென்னையிலும் ஆய்வைத் தொடர்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி, மார்மைட் என்று கடைகளில் விற்கும் மலிவான ஈஸ்ட் சாறு அந்த நோயைத் தீர்ப்பதை 1931இல் உலகுக்கு அறிவித்தார். அந்தச் சாற்றில் ஒளிந்திருந்த பொருளே பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுவினர் 1945இல் அதைச் செயற்கையாக உருவாக்கினார்கள். ராபர்ட் வில்லியம்ஸின் தம்பியும் உதகமண்டலத்தில் பிறந்தவருமான ரோஜர் வில்லியம்ஸ், ஈஸ்ட் வளர்வதற்கு எது தேவை என்று தேடிச் சென்று 1933இல் பான்டோதெனிக் அமிலத்தைக் கண்டார். உதகைக்குப் பக்கத்துக் குன்னூரில் இளம் டாக்டராயிருந்த கோபாலன், ஏழைகளின் உள்ளங்கால் எரிச்சல் அதே அமிலத்தால் தணிவதை 1946இல் எழுதினார்.

நுண்ணுயிர் துலாக்கோலாகவும் பயன்பட்டது. தனக்கு வேண்டிய ஒரு வைட்டமின் மட்டும் இல்லாத திரவத்தில் லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவை விட்டு, அதனோடு ஒரு துளி உணவுச்சாற்றைச் சேர்த்தால், சாற்றில் அந்த வைட்டமின் எவ்வளவு உண்டோ அவ்வளவுக்கே பாக்டீரியா பெருகித் திரவத்தைக் கலங்கச் செய்கிறது. கலங்கலை அளந்தால் வைட்டமின் அளவு தெரிகிறது. கீரையிலும் பருப்பிலும் உள்ள ஃபோலிக் அமிலத்தை அளக்க இன்றும் உலகெங்கும் கைக்கொள்ளப்படும் முறை இதுவே.

மெக்காரிசன் ஓய்வுபெற்றபின் 1935இல் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்தை அட்டவணைப்படுத்தி 1937இல் வெளியிட்ட சிறு நூல், டாக்டர்களுக்கும் விடுதி நடத்துவோருக்கும் நெடுங்காலம் கைவிளக்காயிற்று. ஆயினும் குளிர்ந்த மலைச்சிகரத்தில் அமர்ந்து சமவெளி ஜனங்களின் பசியை ஆராய்வதில் ஒரு குறை இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியும் நோயாளிகளும் அருகில் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. பட்வர்த்தன் டைரக்டராயிருந்த காலத்தில் ஸ்தாபனம் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. சேலத்தில் 1918இல் பிறந்த அதே கோபாலன், 1960 முதல் 1974 வரை அதற்குத் தலைமை வகித்தார். 1969இல், பொன்விழாவின்போது, இப்போதுள்ள பெயர் சூட்டப்பட்டது.

இடம் மாறியதன் பலன் உடனே தெரிந்தது. அக்காலத்தில் தக்காணத்து ஏழைகளின் ஆகாரம் அரிசியன்று, சோளம். சோள ரொட்டியும் சோளக் கூழும் உண்டு வாழ்ந்தவர்களில் பலர், வெயில் படும் தோல் கறுத்து உரிந்து, பேதி கண்டு, சிலர் சித்தம் கலங்கியும் ஆஸ்பத்திரிக்கு வந்தனர். பெல்லாக்ரா என்ற அந்த வியாதி மக்காச்சோளம் தின்பவர்களுக்கே உரியது என்பது மேல்நாட்டு நூல்களின் கொள்கை. கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல், சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்ற அமினோ அமிலமே, டிரிப்டோபேன் என்ற மற்றோர் அமினோ அமிலத்திலிருந்து நியாசின் வைட்டமினைச் சரீரம் உண்டாக்கிக்கொள்ளும் வழியில் குறுக்கிடுகிறது என்ற கருத்தை வெளியிட்டார்கள். அந்த வழியின் ஒவ்வொரு படியிலும் ஒரு நொதி நிற்பதால், எந்தப் படியில் தடை நேர்கிறது என்பதே பின்வந்த ஆய்வுகளின் பொருளாயிற்று. உலக விஞ்ஞானிகளிடையே நெடுநாள் விவாதிக்கப்பட்ட கொள்கை அது; எனினும் தக்காணத்துக் குடியானவனின் கூழ், விஞ்ஞான சபைகளில் விவாதப் பொருளானதே ஒரு பெரிய காரியம்.

நொதியைச் சாட்சியாக நிறுத்தி விசாரிக்கும் முறை இங்கே எவ்வளவு நுட்பமடைந்தது என்பதற்கு, 1969இல் மஹ்தாப் பாம்ஜி வெளியிட்ட ரைபோஃப்ளேவின் பரிசோதனையைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். கடைவாய் வெடித்து, நாக்குச் சிவந்து நிற்கும் ஒரு குழந்தைக்கு அந்த வைட்டமின் குறைவா என்பதை அறிய, சிறிதளவு இரத்தம் எடுத்து, செவ்வணுக்களைப் பிரித்துக் கழுவி உடைத்து, அவற்றிலுள்ள குளூட்டத்தையோன் ரிடக்டேஸ் என்ற நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று ஒளிமானியில் அளக்கிறார்கள். பிறகு அதே மாதிரியில், ரைபோஃப்ளேவினிலிருந்து உண்டாகும் துணைப்பொருளைச் சேர்த்து மறுபடியும் அளக்கிறார்கள். இரண்டு வேகமும் சமமானால் குழந்தைக்குக் குறையில்லை. இரண்டாவது வேகம் கூடினால், எருது பூட்டாத ஏர்கள்போல நொதிகள் துணையில்லாமல் சும்மா நிற்கின்றன என்று பொருள். வெளியே புண்ணாகத் தெரிவதற்கு முன்பே உள்ளிருக்கும் வறுமையைச் செவ்வணு சொல்லிவிடுகிறது.

இரும்புச்சத்தைப் பற்றிய ஆய்வும் இத்தகையதே. ஓர் உணவில் இரும்பு எவ்வளவு உண்டு என்பது வேறு. அதில் எவ்வளவு இரத்தத்தில் சேரும் என்பது வேறு. நரசிங்க ராவும் பிரபாவதியும் 1978இல் வகுத்த முறையில், உணவை அரைத்து, இரைப்பையிலுள்ள பெப்சின் என்ற நொதியோடும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடும் சேர்த்துக் கண்ணாடிக் குடுவையில் ஜீரணிக்கச் செய்து, முதலில் 1.35 என்றிருக்கும் பிஹெச் அளவைச் சிறுகுடலின் நிலைக்கேற்ப 7.5க்கு உயர்த்தி, அப்போது கரைந்து அயனியாக நிற்கும் இரும்பை மட்டும் அளந்தார்கள். தானியங்களிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருளும், தேயிலை முதலியவற்றிலுள்ள டானினும் இரும்பைப் பற்றிக்கொண்டு விடாமலிருப்பது இத்தகைய சோதனைகளில் வெளியாகிறது. தானியத்தை முளைகட்டும்போதும் மாவைப் புளிக்கவைக்கும்போதும், ஃபைடேஸ் என்ற நொதி அந்த ஃபைட்டேட்டைச் சிதைக்கிறது. ஆகவே தெலுங்கானாவின் புளித்த அம்பலியும், நம் வீட்டுக் கம்பங்கூழும், லூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவால் பொங்கும் இட்லி மாவும், ருசிக்காக மட்டும் பிழைத்திருக்கும் பழக்கங்கள் அல்ல.

நுண்ணுயிர் எப்போதும் நண்பனாகவே வருவதில்லை. இங்கிலாந்தில் 1960இல் ஆயிரக்கணக்கான வான்கோழிகள் மாண்டதற்கு, நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூசணத்தின் நஞ்சே காரணம் என்று தெரிந்தபோது, ஏழைக் குழந்தைகளுக்குக் கடலை மாவை மலிவான புரதமாகக் கொடுக்க எண்ணியிருந்த நம் தேசத்துக்கு அது பெரிய எச்சரிக்கையாயிற்று. துல்புலே, மாதவன், கோபாலன் ஆகியோர் அஃப்ளாடாக்ஸின் என்ற அந்த நஞ்சு குரங்குக் குட்டிகளின் ஈரலைக் கெடுப்பதை 1964இல் காட்டினார்கள். பத்து வருஷம் கழித்து, 1974இல், குஜராத்தின் பஞ்சமஹால், ராஜஸ்தானின் பான்ஸ்வாடா ஜில்லாக்களில், பருவம் தவறிய மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை வேறு வழியின்றி உண்ட ஆதிவாசி ஜனங்கள், காமாலையும் வயிற்றுவீக்கமும் கண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஹைதராபாத்திலிருந்து சென்ற கிருஷ்ணமாச்சாரி, பட் முதலியோரே காரணத்தை நிரூபித்து 1975இல் வெளியிட்டவர்கள். அந்த நஞ்சைக் கண்டறிவதற்கும் பின்னாளில் ஒரு நொதியே துணையாயிற்று: நகரத்துக்கு அருகே பட்டான்செருவில் 1972இல் ஏற்பட்ட இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தார், நஞ்சைப் பற்றும் எதிர்ப்பொருளையும் நிறம் எழுப்பும் நொதியையும் இணைத்து, குறைந்த செலவில் நிலக்கடலையைச் சோதிக்கும் முறையை வகுத்தனர், அதில் நிறம் எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு நஞ்சு மிகுதி.

இன்று ஹைதராபாத், தடுப்பூசிகளுக்கும் மருந்துகளுக்கும் உயிரியல் தொழில்களுக்கும் உலகப் பிரசித்தி பெற்ற நகரம். அய்க்ராய்டின் அட்டவணைக்குச் சரியாக எண்பது வருஷம் கழித்து, 2017இல், தார்நாகா நிறுவனம் 528 இந்திய உணவுப் பொருள்களின் சத்துகளைப் புதிதாக அளந்து வெளியிட்டது. கருவிகள் மாறின, அளவுகள் நுட்பமாயின. ஆனால் இந்த ஸ்தாபனத்தின் பெருமை கருவிகளில் இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கண்டு, அவன் தட்டில் இருந்த ஆகாரம் எது என்று கேட்டு, அதை நொதியைக் கொண்டும் நுண்ணுயிரைக் கொண்டும் சோதித்து, கிடைத்த விடையைத் திரும்பவும் வயலுக்கும் சமையலறைக்கும் அனுப்பிய அந்த ஒழுங்கில் இருக்கிறது. நம் தேசத்துப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் சோகையால் வாடும் இக்காலத்தில், புதிய நொதிகளையும் புதிய நுண்ணுயிர்களையும் தேடிப் புறப்படும் இளம் விஞ்ஞானிகளும், அவர்களுக்குப் பணம் ஒதுக்கும் சர்க்காரும், அந்த ஒழுங்கைக் கைவிடலாகாது. ஏழையின் தட்டைப் பார்க்காமல் வளரும் உணவு விஞ்ஞானம் எவ்வளவு செல்வம் ஈட்டினாலும், தன் முதற்கடமையைச் செய்யாததாகவே எண்ணப்படும்.