மானியம் வந்த வழி



விதைக்கு மானியம், உரத்துக்கு மானியம், சொட்டுநீருக்கு மானியம் என்று இன்றைக்குப் பேசுகிறோம். ஆனால் உங்கள் பாட்டனாரிடம் 'மானியம்' என்று சொல்லியிருந்தால், அவர் நிலத்தைத்தான் நினைத்திருப்பார். கோயிலுக்கும், ஊர் ஊழியக்காரர்களுக்கும், ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கும் வரி இல்லாமலோ குறைந்த வரிக்கோ விட்ட நிலம் அது. 1963-ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டத்தோடு அந்த ஏற்பாடு முடிந்தது. சொல் மட்டும் நம்மோடு நின்றுவிட்டது.

திருக்கழுக்குன்றம் மலைமேல் ஏறி நின்று பாருங்கள், சுற்றிலும் ஏரிகள். இந்தச் செங்கல்பட்டுச் சீமையை 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்ற கம்பெனி எஞ்சினீயர் அளந்தார். ஊர் ஊராகக் கணக்கும் எடுத்தார். களத்துமேட்டில் நெல் அளக்கும்போதே ஏரிக்கு இவ்வளவு, தச்சருக்கு, கொல்லருக்கு, வெட்டியானுக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய விவரம் அதில் இருக்கிறது. பங்கு சமமாக இருந்ததா? இல்லை. மிராசுதாரருக்குப் பெரும் பங்கு, படியாளுக்குக் கொஞ்சம். ஆனால் ஒன்று, அளந்தது எல்லோர் கண் முன்னாலும்.

பிறகு தக்காவி வந்தது. 1883-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிணறு வெட்டவும், 1884-ஆம் ஆண்டுச் சட்டப்படி விதை, மாடு வாங்கவும் சர்க்கார் கடன் கொடுத்தது. இது தானமில்லை, வட்டியோடு திருப்ப வேண்டும். தவறினால் நிலவரி பாக்கி மாதிரியே வசூல். அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்த திரூரில் 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கியது. பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லோருக்கும் கிடைத்தது.

2019 பிப்ரவரியில் பி.எம். கிசான் திட்டம் வந்தது. வருஷத்துக்கு 6000 ரூபாய், மூன்று தவணையாக நேரே வங்கிக் கணக்குக்கே வருகிறது. நடுவில் ஆள் இல்லை, நல்லதுதானே என்கிறீர்களா? 2020-இல் நடந்ததைக் கேளுங்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தரகர்கள் புகுந்து, அதிகாரிகளின் கணினிக் கடவுச்சொல்லைக் கொண்டு, தகுதியில்லாத பெயர்களை ஏற்றிவிட்டார்கள். சுமார் ஐந்தரை லட்சம் பெயர்கள், சுமார் 110 கோடி ரூபாய். பெயர் ஏறியவர்களில் பலருக்கு அது என்ன திட்டமென்றே தெரியாது. பிறகு பணத்தைத் திருப்பி வசூலித்தபோது அவர்கள்தான் கையைப் பிசைந்தார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. பணம் பட்டாவைப் பார்த்து வருகிறதே தவிர, ஏரைப் பார்த்து வருவதில்லை. குத்தகைக்கு உழுகிறவருக்கு இந்த 6000 கிடையாது. களத்துமேட்டில் படியாளுக்குக் கிடைத்த சிறு பங்குகூட இவருக்கு இல்லை பாருங்கள்.

ஆகவே ஒன்று செய்யுங்கள். பட்டா இன்னும் அப்பா, பாட்டனார் பெயரில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஆதார் எண்ணையும் வங்கி விவரத்தையும் தரகரிடம் கொடுக்காதீர்கள். ஊர்வாரியான பயனாளிகள் பட்டியல் இணையதளத்தில் இருக்கிறது. படித்த பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்லி, கிராம சபையில் உரக்கப் படிக்கச் செய்யுங்கள். அன்றைக்கு நெல்லை எல்லோர் முன்னாலும் அளந்தோம். இன்றைக்குப் பட்டியலையும் அப்படியே அளப்போம்.