ஆமிப் பையும் உரப்பையும்: எங்கள் றோட்டால் போன சுமைகள்



ஜனவரி பிறந்தால் எங்களிடம் கட்டாயம் வரும் கேள்வி: "சேர், கிழியாத பை எது? ஆமிக்காரர் போடுற மாதிரி ஒன்று வாங்கினால் காலத்துக்கும் காணுமா?" கடைக்காரர் ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார். ஆனால் செட்டிகுளத்தில் இருந்துகொண்டு பையைப் பற்றிப் பேசுவதென்றால் 1990க்குப் போகாமல் முடியாது.

அந்த ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னாரில் குடும்பத்துக்கு ஐந்து ட்ரவலிங் பேக், 2000 ரூபா காசு, ஒரு பவுண் நகை என்று அளவு சொல்லப்பட்டதாகப் பதிவுகள் சொல்கின்றன. தீவில் இருந்தவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். பெருநிலப்பரப்பில் இருந்தவர்கள் மடுப்பக்கமாக வவுனியாவுக்கு நடந்தார்கள். வழிச் சோதனைகளில் அந்த அளவும் குறைந்தது. யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுத்த அவகாசமே இரண்டு மணித்தியாலம்தான்.

அந்தப் பைகளுக்குள் எதை வைப்பது? பெரும்பாலான உம்மாமார் முதலில் எடுத்தது பிள்ளைகளின் உடுப்பை. காணி உறுதியை நினைத்தவர்கள் குறைவு. சில நாளில் திரும்பலாம் என்றுதானே எல்லோரும் நினைத்தார்கள்! இருபது வருடம் புத்தளத்து ஓலைக் கொட்டிலில் கழியும் என்று யாருக்குத் தெரியும்? யுத்தம் முடிந்து மீள்குடியேற வந்தபோது, பையில் உறுதி இருந்த குடும்பத்துக்கும் இல்லாத குடும்பத்துக்கும் கச்சேரியில் இருந்த வித்தியாசத்தை இங்கே பலர் அனுபவித்தே அறிவார்கள்.

பிறகு 2009. முள்ளிவாய்க்காலிலிருந்து வட்டுவாகல் தண்ணீரைக் கடந்து வந்த தமிழ்ச் சனத்தை எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, மெனிக் பாமில் அடைத்தார்கள். கதிர்காமர், அருணாச்சலம், இராமநாதன், ஆனந்தகுமாரசாமி என்று முகாம்களுக்கு அறிஞர்களின் பெயர்கள். உள்ளே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். 2012 செப்டெம்பரில்தான் கடைசிக் குடும்பங்கள் வெளியேறின. அவர்கள் கொண்டுவந்ததில் அதிகம் உரப்பையும் ஷொப்பிங் பேக்கும்தான். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு எல்லாம் பொலித்தீனில் சுற்றி, நெஞ்சோடு கட்டி வந்தவர்கள் அனேகம்.

பத்தொன்பது வருட இடைவெளியில் நடந்த இரண்டு நடை. நேரியகுளத்துப் பிள்ளைக்கு முதலாவது தெரியும், முகாம் இருந்த பக்கத்துப் பிள்ளைக்கு இரண்டாவது தெரியும். இரண்டையும் சேர்த்துத் தெரிந்த பிள்ளையை வகுப்பில் காண்பது அரிது. அதற்காகவும்தான் இந்தப் பதிவு.

சரி, ஆமிப் பைக்கு வருவோம். 1900களின் தொடக்கத்தில் ஒலே பெர்கன் என்ற நோர்வேக்காரர், வேட்டைக்குப் போகும்போது பை முதுகை அறுக்கிறதென்று ஒரு மரக்கிளையை வளைத்துப் பைக்குச் சட்டமாக வைத்தார். 1909இல் காப்புரிமை எடுத்தார். பிரித்தானிய இராணுவம் இன்றும் முதுகுப்பையை 'பெர்கன்' என்றுதான் அழைக்கிறது. துணி மாறியது வியட்நாமில். அங்குள்ள மழைக்காட்டில் பருத்திக் கன்வஸ் தண்ணீரைக் குடித்துப் பாரமாகி, பூஞ்சணம் பிடித்து உக்கியது. அதனால் 1967இல் அமெரிக்கர் நைலோனுக்கு மாறத் தொடங்கினார்கள். 1973இல் முழுமையான புதிய தொகுதியே வந்தது.

கடையில் '1000 டெனியர்' என்று சொல்வார்கள். 9000 மீற்றர் நூலின் நிறை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். 500, 600 டெனியரே எங்கள் பாவனைக்குத் தாராளம். 1000 டெனியரும் சட்டமும் சேர்ந்தால் வெறும் பையே இரண்டு மூன்று கிலோ வரும். அதை ஆறாம் ஆண்டுப் பிள்ளையின் முதுகில் ஏற்றுவது அநியாயம்.

எங்கள் கருத்தில் துணியை விடத் தையல்தான் முக்கியம். பை நடுவில் கிழிவது அரிது. தோள்பட்டி பிடுங்கும் இடத்திலும் சிப்பிலும்தான் போகும். பட்டி பொருந்தும் இடத்தில் சதுரமும் அதற்குள் பெருக்கல் அடையாளமுமாகத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். பையை உள்பக்கம் திருப்பி, வெட்டு விளிம்புகளுக்கு நாடா வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய பல்லுள்ள சிப் நல்லது. பதினைந்து கிலோவுக்கு மேல் தூக்குபவருக்கு இடுப்புப்பட்டி அவசியம், பாரம் தோளில் அல்ல இடுப்பெலும்பில் இருக்க வேண்டும். புள்ளி போட்ட ஆமி நிறம் மட்டும் வேண்டாம், வன்னியில் அது யாருக்கும் நல்ல ஞாபகத்தைத் தராது.

உரப்பையையும் குறைவாக எண்ணாதீர்கள். அந்தப் பொலிப்புரொப்பிலீன் நெசவு இழுவைக்கு நன்றாகத் தாங்கும். வெயிலில் கிடந்தால்தான் பொடியாக உதிர்ந்துவிடும். வெட்டிய விளிம்பும் பிரியும். சாக்குத் தையல்காரர் விளிம்பை மடித்துத் தைப்பது அதனால்தான்.

எந்தப் பை வாங்கினாலும், தண்ணீர் புகாத சின்ன உறையொன்றில் உறுதி, சான்றிதழ்களின் பிரதிகளைப் போட்டு அதற்குள் வையுங்கள். மாரியில் குளம் உடைத்தாலும் உதவும்.

90இல் தூக்கிய பையோ 2009இல் தூக்கிய உரப்பையோ உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். யார் தூக்கியது, எங்கிருந்து எங்கே, உள்ளே என்ன இருந்தது என்றும் எழுதுங்கள். பெயர் போட விருப்பமில்லாதவர்கள் உள்பெட்டியில் அனுப்பலாம். வகுப்பில் பிள்ளைகளுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட இருக்கிறோம்.