நூலின் இயல்தலைப்பு: ஏடு முதல் கணினி வரை

ஓலையில் நூல் பயின்றோர் ஒரு படலத்தின் பெயரைப் பல சுவடிகளில் அப்படலம் முடிந்த பின்னரே கண்டனர். இன்ன படலம் முற்றிற்று என ஏடெழுதியவர் இறுதியில் பொறித்துச் சென்றார். ஓலையோ அகலம் குறைந்தது. எழுத்தாணி கொண்டு எழுத்தைச் சிறிதும் பெரிதுமாக மாற்றிக் காட்டுதல் எளிதன்று. புள்ளியிடாது, அடி பிரியாது, ஓரம் முதல் ஓரம் வரை எழுதிச் செல்வதே பெருவழக்கு. ஆதலின், தலைப்பு என்பது கண்டவுடன் கண்ணிற்படும் பொருளாக அன்று இருக்கவில்லை.

பகுப்பு முறை தமிழர்க்குப் புதிதென்று இதனாற் கொள்ளலாகாது. தொல்காப்பியம் 3 அதிகாரங்களும் 27 இயல்களும் உடையது. சிலப்பதிகாரத்திற்குக் காதை 30; சிந்தாமணிக்கு இலம்பகம் 13; கம்பர் காவியத்திற்குக் காண்டமும் படலமும். நூலின் இயல்பு எதுவோ அதற்கேற்ற சொல் அதன் பகுதிக்கு வாய்த்தது. இலக்கணத்திற் படலம் வருவதும் காப்பியத்தில் இயல் வருவதும் அருமையே.

1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறிற்று. திருக்குறள் 1812-இல் அச்சாயிற்று. ஆயினும், ஏட்டுப் பகுப்பு அச்சுப் பக்கத்தில் இடம்பெற எத்துணை உழைப்பு வேண்டியிருந்தது என்பதற்குச் சிந்தாமணியே சான்று. மூலமும் நச்சினார்க்கினியர் உரையும் விரவிக் கிடந்த ஏடுகளில், செய்யுள் எது, உரை எது எனப் பிரித்தறிவதே உ. வே. சாமிநாதையருக்குப் பெரும் பணியாயிற்று. அவர் பதிப்பு 1887-இல் வெளிவந்தது. அச்சுக்கூடத்தார் தலைப்புக்குத் தனி வரியும் பெரிய எழுத்தும் மேலும் கீழும் வெற்றிடமும் அளித்தனர். கடைசியில் நின்ற பெயர் முதலில் வந்து நின்றது.

கணினி இதனை மற்றொரு படி நகர்த்தியது. அமெரிக்கக் கணித அறிஞர் டொனால்டு குனுத், 1977-இல் தம் நூலின் அச்சுப்படி அழகிழந்து வந்தது கண்டு மனம் பொறாது, டெக் என்னும் அச்சுக்கோப்பு முறையை ஆக்கத் தொடங்கினார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் லேடெக்கை அமைத்தார். இதில் நூலாசிரியர் "இங்கே ஓர் இயல் தொடங்குகிறது, பெயர் இது" என்று மட்டும் குறித்தாற் போதும். எழுத்தின் அளவு, இடம், எண் ஆகியவற்றை வேறொரு கோப்பிலுள்ள விதிகள் தீர்மானிக்கும். விதியை ஓரிடத்தில் மாற்றினால் 27 இயல்களும் ஒருங்கே மாறும். 2004-இல் ஜோனதன் கியூ வெளியிட்ட ஸீடெக், ஒருங்குறித் தமிழ் எழுத்துகளை நேரே ஏற்றமையால் தமிழ்நூல் கோப்போர்க்கும் வழி எளிதாயிற்று.

இடர் ஒன்றுண்டு. லேடெக்கின் நூல் அமைப்பு, மாற்றாவிடில், "சாப்டர்" என்னும் ஆங்கிலச் சொல்லை முதலிலும் எண்ணை அதன் பின்னும் இடும். அச்சொல்லை மட்டும் மாற்றினால் "இயல் 1" என்று வரும். பிழையன்று, ஆயினும் "முதல் இயல்" என எண்ணுப்பெயரை முன்வைக்கும் தமிழ் மரபு அதில் இல்லை. தமிழ்ச்சொல் இட்டதோடு தமிழாயிற்று என்று அமைதல் போதாது; சொல்வரிசையும் தமிழாதல் வேண்டும்.

பேராக் மாநிலத்தார்க்கு இது புறச்செய்தியன்று. அங்குள்ள நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுட் பல ரப்பர்த் தோட்டங்களிற் பிறந்தவை. தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்துவிட்டன, லயங்கள் மறைந்தன. ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ ஓர் ஆசிரியர் அத்தகைய பள்ளியொன்றின் வரலாற்றை நூலாக்கக் கருதினால், அதிகாரம் என்றோ இயல் என்றோதான் பகுக்கவேண்டும் என்பதில்லை. பால்மரம் சீவியோர் நாள்தோறும் பிடித்த "நிரை" என்னும் சொல்லே தலைப்பாகலாம்: முதல் நிரை, இரண்டாம் நிரை. காதையும் இலம்பகமும் இவ்வாறு நூலுக்கேற்ப அமைந்தனவே.

செய்முறை கடினமன்று. ஹவியேர் பெசோஸ் என்பார் ஆக்கிய டைட்டில்செக் என்னும் துணைத்தொகுப்பு, தலைப்பின் உறுப்புகளை வேண்டிய வரிசையில் நிறுத்தும். எண்ணுக்கு ஈடாக முதல், இரண்டாம், மூன்றாம் எனச் சொற்களை இடும் சிறு பட்டியலை ஆசிரியரே எழுதிச் சேர்க்க வேண்டும். தமிழ்ச்சொற்கள் நீண்டவை, பெரிய எழுத்தில் இருபுறமும் ஒப்பநிறுத்தினால் இடையில் அகன்ற வெளி விழும், ஆதலால் தலைப்பை இடப்புறம் மட்டும் ஒழுங்குசெய்தல் நலம். பக்கத்தின் மேல்வரி வேறு கட்டளைக்கு உட்பட்டது. அதனையும் திருத்தாவிடில், கீழே "மூன்றாம் நிரை" என்றிருக்க, மேலே பழைய வரிசையே நிற்கும்.