கூதிர்க் கடலும் ஒளிப்படக் கலையும்

தோற்றுவாய்

தமிழ்ப் பொருளிலக்கணம் நெய்தலுக்கு எற்பாட்டைச் சிறுபொழுதாகவும் இரங்கலை உரிப்பொருளாகவும் வகுத்துள்ளது. கடலும் மங்கும் ஒளியும் மனத்துயரும் ஓரிடத்துக் கூடுவன என்பது கவிஞர்க்குப் புதிய செய்தியன்று. ஆயின், அக்கூட்டத்தை ஒரு கருவியின் வழியே பதிவுசெய்ய முற்பட்ட ஒளிப்படக் கலைஞர்கள் பட்ட பாடு பலரும் அறியாதது. கண் கண்டதைக் கருவி காணவில்லை. கருவி காணாததைக் கலைஞன் தன் கைத்திறனால் சேர்த்தான். அங்ஙனம் சேர்ப்பது தகுமா என்னும் வினா விரைவிலேயே எழுந்தது. இன்றளவும் அது ஓயவில்லை. பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே, ஆஸ்திரேலிய நாட்டுப் பிராங்க் ஹர்லி என்னும் இருவர்தம் பணியைக் கொண்டு அவ்வினாவின் வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வானம் இழந்த கடல்

ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பெற்ற ஆண்டு 1839. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1851இல், இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசைநீர்மத்தைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, உடனே உருத்துலக்கியாக வேண்டும். படம் மிகத் துல்லியமாக அமைந்தது. ஆனால் அத்தகட்டிற்குப் பெருங்குறை ஒன்று இருந்தது. நீலம், ஊதா ஆகிய நிறங்களின் ஒளியை அது மிகுதியாக வாங்கும். சிவப்பையும் மஞ்சளையும் ஏறத்தாழ உணராது. எனவே, கரைக்கும் நீருக்கும் ஏற்றவாறு ஒளியை விட்டால் வானம் அளவு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளைத் தாளாய் நின்றது. மேகத்துக்கு ஏற்றவாறு ஒளியைக் குறைத்தால் கடல் கரிய பட்டையாய் ஒடுங்கியது.

வானத்தை இழந்த கடலுக்கு நிறமும் இல்லை, மனநிலையும் இல்லை. மேகம் கறுத்தால் கறுத்து, வெளுத்தால் வெளுத்து, வானத்தின் முகத்தையே தன் முகமாகக் காட்டுவது நீர்ப்பரப்பு. குளிர்காலத்தில் இவ்விடர் மேலும் பெருகியது. ஐரோப்பாவின் வடகடற்கரைகளில் அப்பருவத்துச் சூரியன் தாழ்ந்தே செல்லும், ஒளி குன்றும், தகட்டினை நெடுநேரம் திறந்து வைக்க நேரும். அதற்குள் அலை எழுந்து விழுந்து மீண்டும் எழும். முடிவில் தகட்டில் எஞ்சுவது உருவற்ற வெண்புகையே. மேகத்தின் அடர்வும் அலையின் சினமுமே கூதிர்க் கடலின் இயல்பு. அவ்விரண்டையும் கருவி கைவிட்டது.

இரு தகடுகள், ஒரு காட்சி

இவ்விடரை வென்றவர்களுள் தலையாயவர் லெ கிரே (1820-1884). பால் தெலரோஷ் என்னும் ஓவியரிடம் பயின்று ஒளிப்படத் துறைக்கு வந்தவர் அவர். 1856 முதல் 1858 வரை நார்மண்டிக் கரையிலும், பிரெஸ்ட் துறைமுகத்திலும், நடுநிலக் கடலோரமுள்ள செத் என்னும் ஊரிலும் கடற்காட்சிகளை எடுத்தார். அவை குளிர்காலத்துக்கே உரியன அல்ல. எனினும், இருண்ட கடலைப் படமாக்கும் நெறியை வகுத்தவை அவையே.

அவர் கையாண்ட வழிகள் இரண்டு. முதலாவது, மேகத்தின் பின் நிற்கும் சூரியனை எதிர்நோக்கியே கருவியை நிறுத்துவது. நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி வலுவுடையதாதலின், மிகக் குறுகிய நேரத்திலேயே அலையும் மேகமும் ஒரே தகட்டில் பதிந்தன. பின்னர் அச்சினைச் சற்றே கருமையாக எடுத்தார். பகலொளி நிலவொளிபோல் தோன்றிற்று. 1856இல் இலண்டன் கண்காட்சியில் வைக்கப்பெற்று அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்த இருபாய்மரக் கப்பல் படம் இவ்வகையினது.

இரண்டாவது, இரு தகடுகளை இணைப்பது. வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என நெகட்டிவ் எனப்படும் எதிர்ப்படங்களைத் தனித்தனியே எடுத்து, அச்சிடுங்கால் ஒரு பகுதியை மறைத்து மறுபகுதியில் ஒளிபாய்ச்சி, இரண்டையும் ஒரே தாளில் சேர்த்தார். தொடுவானக் கோடே ஒட்டுவாய் ஆயிற்று. செத் கடற்கரையில் 1857இல் உருவான 'பேரலை' என்னும் படம் இம்முறையில் எழுந்ததே. இதில் எண்ணத்தக்க செய்தி ஒன்றுண்டு. லெ கிரேயின் வெவ்வேறு கடற்படங்களில் ஒரே மேகக்கூட்டம் மீண்டும் வருதலைப் பிற்கால ஆய்வாளர்கள் கண்டனர். ஒரு நாள் வானம் மற்றொரு நாள் கடலின்மேல் கவிந்தது!

புகழ் அவருக்குப் பொருளாகவில்லை. தொழில் நொடித்து, 1860இல் எழுத்தாளர் அலெக்சாந்தர் துமாவுடன் பாரிசை விட்டுக் கடற்பயணம் புறப்பட்டவர், பின்னர்த் தாயகம் திரும்பவில்லை. கெய்ரோவில் ஓவிய ஆசிரியராய் வாழ்ந்து அங்கேயே மறைந்தார். 'பேரலை'யின் படி ஒன்று 1999இல் இலண்டன் ஏலத்தில் ஐந்து இலட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோயிற்று. ஒளிப்படம் ஒன்றுக்கு ஏலத்தில் அதுவரை கிடைத்தவற்றுள் மிக உயர்ந்த விலை அது.

ஏற்றோரும் மறுத்தோரும்

இணைப்பு அச்சு விரைவில் ஒரு கொள்கையாகவே வளர்ந்தது. இங்கிலாந்தின் ஹென்றி பீச் ராபின்சன் 1858இல் ஐந்து எதிர்ப்படங்களை இணைத்து ஒரு படம் செய்தார். 1869இல் வெளிவந்த தம் நூலில் ஓவிய இலக்கணத்தையே ஒளிப்படத்துக்கும் உரியதாக்கினார். இதனை வன்மையாக மறுத்தவர் பீட்டர் ஹென்றி எமர்சன். இயற்கையைக் கண் கண்டவாறே காட்டுவதே கலை என 1889இல் நூல் எழுதி வாதிட்ட அவர், சிறிது காலத்திலேயே ஒளிப்படம் கலையாகாது எனத் தம் கொள்கையைத் தாமே கைவிட்டார். ஆயினும் 1895இல் அவர் வெளியிட்ட நார்போக் சதுப்புநிலப் படத்தொகுதி, மூடுபனியும் உறைபனியும் படிந்த நீர்நிலைகளை மிகக் குறைந்த கோடுகளில் காட்டி நிற்கின்றது.

இதற்கிடையே அறிவியல் முன்னேறியது. 1871இல் ரிச்சர்டு மேடக்ஸ் உலர்தகட்டுக்கு வழிகண்டார். 1873இல் ஹெர்மன் வோகல் சாயங்களைச் சேர்த்துத் தகட்டினை மற்ற நிறங்களையும் உணரச் செய்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் விற்பனைக்கு வந்தன. வானத்தைத் தனியே எடுத்து ஒட்டவேண்டிய கட்டாயம் பெரிதும் நீங்கிற்று. ஆனால் தேவை நீங்கிய பின்னும் வழக்கம் நீங்கவில்லை. அதற்குச் சான்றாவார் ஹர்லி.

உறைந்த கடலில் ஒரு கலைஞர்

பிராங்க் ஹர்லி (1885-1962) எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் தென்முனைப் பயணத்தில் ஒளிப்படக் கலைஞராகச் சென்றவர். 28 பேருடன் சென்ற 'எண்டியூரன்ஸ்' கப்பல் 1915 சனவரியில் வெடல் கடலின் பனிக்கட்டிகளிடையே சிக்கியது. தென்முனைக் குளிர்காலம் தொடங்க, மே மாதத்தில் மறைந்த சூரியன் சூலை இறுதியிலேயே மீண்டும் தலைகாட்டிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் இரவு, கப்பலைச் சுற்றிப் பனிமேடுகளின் பின்னே ஏறத்தாழ இருபது ஒளிவெடிகளை வைத்து, அவற்றைக் கொளுத்தி ஹர்லி ஒரு படம் எடுத்தார். கரிய வானத்தின்கீழ்ப் பாய்மரக் கயிறுகள்தோறும் உறைபனி படிந்து, கப்பல் ஓர் எலும்புக்கூடென ஒளிர்கின்றது. ஒளி செயற்கை, காட்சி உண்மை.

அக்டோபர் இறுதியில் பனியால் நொறுங்கிய கப்பலைக் கைவிட நேர்ந்தது. நீர் புகுந்த அறைக்குள் ஆடை களைந்து மூழ்கி, தகரப் பெட்டிகளில் அடைக்கப்பட்டிருந்த எதிர்ப்படங்களை ஹர்லி மீட்டார். பனிமேல் சுமந்து செல்லும் பாரத்துக்கு எல்லை உண்டு. ஷாக்கிள்டனும் ஹர்லியும் பனித்தரையில் அமர்ந்து ஒவ்வொன்றாய் ஆராய்ந்து, ஏறத்தாழ 120 தகடுகளை வைத்துக்கொண்டு, 400 அளவினவற்றை அங்கேயே உடைத்தனர். தன் படைப்பில் எது நிலைக்கத் தக்கது எனத் தேர்ந்து, எஞ்சியதைத் தன் முன்னிலையிலேயே நொறுக்கும் நிலை எத்துணைக் கலைஞர்க்கு வாய்த்திருக்கும்? நவம்பர் 21ஆம் நாள் கப்பல் மூழ்கியது. 2022 மார்ச்சில் அது 3008 மீட்டர் ஆழத்தில் கண்டறியப்பட்டது.

திருத்தமும் திரிபும்

1916 ஏப்ரல் 24ஆம் நாள், உதவி தேடி ஷாக்கிள்டனும் ஐவரும் எலிபெண்ட் தீவிலிருந்து 'ஜேம்ஸ் கெயர்டு' என்னும் சிறுபடகில் புறப்பட்டனர். கரையில் நின்ற 22 பேரும் கையசைத்து விடைகொடுத்தனர். அக்காட்சியை ஹர்லி படமெடுத்தார். குளிர்காலம் முழுதும் காத்திருந்தவர்களை ஆகஸ்டு 30இல் சிலி நாட்டுக் கப்பலான 'யெல்ச்சோ' மீட்டது. பின்னர், விடைகொடுத்த அப்படத்தையே திருத்தி, மீட்பின்போது எடுத்த படமாக ஹர்லி வெளியிட்டார். பிரிவின் கையசைப்பு வரவேற்பின் கையசைப்பாயிற்று!

1917இல் ஆஸ்திரேலியப் படையின் ஒளிப்படக் கலைஞராக மேற்குப் போர்முனை சென்றபோதும் அவர் பல தகடுகளை இணைத்தார். ஒரு படத்துக்குப் பன்னிரண்டு எதிர்ப்படங்கள் வரை பயன்பட்டன. போர்வரலாற்றாசிரியர் சார்லஸ் பீன் அவற்றைப் போலி என்று சாடினார். ஹர்லி பதவி விலகவும் துணிந்தார். முடிவில், 1918இல் இலண்டன் கண்காட்சியில் இணைப்புப் படங்கள் சிலவற்றை வைக்க இசைவு கிடைத்தது. போரின் முழுமையை ஒரே தகடு காட்டாது என்பது ஹர்லியின் வாதம். வருந்தலைமுறைக்கு வைத்துச் செல்லும் சான்றில் கலப்பு கூடாது என்பது பீனின் வாதம்.

இருவர் வாதத்திலும் நியாயமுண்டு எனினும், லெ கிரேயையும் ஹர்லியையும் அருகருகே வைத்துக் காணுங்கால் வேறுபாடு புலனாகும். லெ கிரே தம் படத்தை இன்ன நாளின் நிகழ்ச்சிக்குச் சான்றாக நிறுத்தவில்லை. கடல் இப்படியும் இருக்கும் என்றார். அது கவிதையின் கூற்று. ஹர்லியின் மீட்புப் படமோ, இன்ன நாளில் இன்னது நிகழ்ந்தது எனச் சான்றுரைத்தது. புனைவு கவிதைக்கு அணி, சாட்சிக்கு அழுக்கு. ஆகவே எத்துணைத் தகடுகள் இணைந்தன என்பதைக் காட்டிலும், படம் தன்னைக் காண்பார்க்கு என்ன வாக்குக் கொடுக்கின்றது என்பதே திருத்தத்துக்கும் திரிபுக்கும் இடையே எல்லை வகுக்கும்.

இருட்டறையிலிருந்து கணிப்பொறிக்கு

இன்றைய கலைஞரும் லெ கிரேயின் இடரையே வேறு கருவிகளால் எதிர்கொள்கின்றனர். ஒளிமானி எக்காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டே கணிக்கும். அதனை அப்படியே நம்பினால் மங்கிய மாலைக்கடல் வெளுத்துப்போகும். பனிபடர்ந்த கரையோ அழுக்குச் சாம்பலாகும். எனவே முன்னதற்கு ஒளியைக் குறைத்தும் பின்னதற்குக் கூட்டியும் எடுப்பர். மேற்பாதி கருமையாகவும் கீழ்ப்பாதி தெளிவாகவும் அமைந்த வடிகண்ணாடியை வில்லையின்முன் பொருத்தினால் வானமும் நீரும் ஒரே பதிவில் அடங்கும். நொடியின் சிறு பின்னத்தில் எடுத்தால் அலை உறைந்து நிற்கும்; அரை நொடியில் நுரையின் இழைகள் தோன்றும்; அரை நிமிடம் திறந்து வைத்தால் கடல் மூடுபனியாகும். கொலோடியன் காலத்தில் குறையெனக் கருதப்பட்ட வெண்புகை இன்று விரும்பிப் பெறும் அழகாயிற்று என்பது வரலாற்றின் விந்தை.

படமெடுத்த பின்னரும் பணி முடிவதில்லை. இருட்டறையில் அச்சிடுங்கால் ஓரிடத்தைக் கையால் மறைத்து வெளுப்பாக்குவதும், மற்றோரிடத்துக்கு மிகுதியாக ஒளிகாட்டிக் கருப்பாக்குவதும் நெடுங்கால வழக்கம். இளமையில் இசை பயின்ற அமெரிக்கக் கலைஞர் ஆன்செல் ஆடம்சு, எதிர்ப்படத்தை இசைக்குறிப்புக்கும் அச்சினை அதன் வாசிப்புக்கும் ஒப்பிட்டார். ஒரே கீர்த்தனை பாடுவோர்தோறும் வேறு உயிர் பெறுவதை அறிந்தவர்க்கு இவ்வொப்புமை எளிதில் விளங்கும்.

இதற்கு மறுதலையான நெறியும் உண்டு. சப்பானியக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980 முதல் எடுத்த கடற்படங்களில் கப்பல் இல்லை, பறவை இல்லை, கரையும் இல்லை. படத்தைச் சரிபாதியாக்கும் தொடுவானமும் அதன் மேலும் கீழும் கருமை வெண்மைகளின் தரங்களுமே உள்ளன. சேர்த்துச் செம்மை செய்தல் ஒருவகை. நீக்கிச் செம்மை செய்தல் மற்றொருவகை. சொற்சுருக்கம் பயின்ற கவிஞர் இரண்டாவதன் அருமையை உணர்வர்.

நிறைவாக

2020ஆம் ஆண்டில், வானத்தை ஒரே சொடுக்கில் மாற்றித் தரும் வசதி புகழ்பெற்ற படத்திருத்த மென்பொருளில் இடம்பெற்றது. லெ கிரே நாள் முழுதும் முயன்று செய்ததை இன்று எவரும் நொடியில் செய்யலாம். உழைப்பு குறைந்ததால் பொறுப்புக் குறைந்துவிடவில்லை. கூதிர்க் கடலின் முன் கருவியுடன் நிற்பவர், மேகத்தைச் சேர்க்கலாம், இருளைக் கூட்டலாம், அலையைப் பனியாக்கலாம். அவற்றையெல்லாம் தாம் கண்டு உணர்ந்த இரங்கலைப் பிறர்க்குக் காட்டவே செய்வாராயின் அது கலை. காணாத ஒன்றைக் கண்டதாகச் சொல்லச் செய்வாராயின், எத்துணை அழகியதாயினும் அப்படம் எலிபெண்ட் தீவில் விடைகொடுத்த கைகளைப்போல், தான் செய்யாத செயலுக்குச் சான்றாக நிற்கும்.